இறந்த பிறகும் சுவரில் நிற்கும் தம்பிக்கு மாற்று ஆள்

அனுப்புநர்:
சலவைக் கடைக்காரர்,
பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம்,
மூன்றாம் வட்டம்.

பெறுநர்:
மாட்சிமை பொருந்திய எல்லைக்காவல் ஆணையர் அவர்கள்,
பேரரசுத் தலைமைச் செயலகம்.

பொருள்: வடக்குச் சுவர்க் காவலுக்கு என் மகளுக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள்ளக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தம்பி வடக்குச் சுவரில் காவலராக இருந்தபோது கல் சரிந்து இறந்தான். நான்தான் அடக்கம் செய்தேன். ஆயினும், ரத்த உறவில் ஒருவர் வந்து மாற்றும்வரை காவலரின் பணி முடியாது, சாவு அதற்குச் சாக்கு ஆகாது என்பது முதல் பேரரசரின் ஆணை. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேரரசு அசையாமல் இருப்பது இதனால்தான் என்று பள்ளியில் நானும் படித்தேன். அதில் குறை சொல்ல வரவில்லை.

2. ஆகவே தம்பி ஆண்டுதோறும் விடுமுறையில் வருகிறான். பட்டப்பகலில், பேருந்தில், சீருடையோடு. கடையில் நாற்காலி போட்டாலும் உட்காருவதில்லை; வடக்கே பார்த்து நிற்கிறான். அவன் சட்டையைத் துவைக்கிறேன். காலரில் வியர்வைக் கறையே இல்லை. வாடிக்கையாளர்கள் துணியை வாங்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

3. இம்முறை என் மகளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கால் ரொம்ப வலிக்குதுண்ணே. பாப்பா வளந்துட்டாளே, எப்ப அனுப்புவீங்க?" என்றான். அவளைத் தோளில் தூக்கிச் சுமந்தவன் ஐயா அவன். அடுத்த வாரமே, செவிலியர் படிப்பில் இருக்கும் அவளுக்குத் தங்கள் அழைப்பாணை வந்துசேர்ந்தது.

4. அவளுக்குப் பதில் நான் போகிறேன் என்றால் தங்கள் எழுத்தர், "உங்களுக்கு வயசு தாண்டிடுச்சுங்க" என்கிறார். மூச்சே இல்லாத என் தம்பி தகுதியானவன், மூட்டுவலிக்காரன் நான் தகுதியற்றவனா? இது என்ன நியாயம் என்று பணிவோடு கேட்கிறேன்.

5. எனக்குப் பிறகு அவளைத்தான் அழைப்பீர்கள் என்பதும் தெரியும். தம்பிக்குப் பக்கத்தில் நிற்பவர் முதல் பேரரசர் காலத்தவராம். மாற்ற உறவென்று யாரும் மிஞ்சாததால் இன்னும் நிற்கிறாராம். என்னையும் அவரோடு சேர்த்துவிடுங்கள். என்னை மாற்ற யாரும் வர வேண்டாம் என்று எழுதித் தருகிறேன்.

6. எனக்கு விடுமுறையும் வேண்டாம். ஒருமுறைகூட வீட்டுக்கு விடாதீர்கள் என்று தங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். வந்தால், கால் வலி தாங்காமல் நானும் அவளைக் கூப்பிட்டுவிடுவேன்.

இடம்: மூன்றாம் வட்டம்
நாள்: பேரரசு ஆண்டு 2214, இரண்டாம் மாதம், 9

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(கையெழுத்து)
சலவைக் கடைக்காரன்