வெள்ளையன் என்று நீ சொன்ன நாள்

அக்கா,

காலையில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் விரலில் அந்த மையின் வாடை போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுக்கு முன்னால் நீதான் வந்து நிற்கிறாய். போன மாதம் நீ போய்ச் சேர்ந்த செய்தியைச் சொல்ல உன் வீட்டுக்காரர் மலையிலிருந்து இறங்கி, ஒடுகத்தூரில் என் வீட்டுக்கே வந்திருந்தார். அன்று வராத அழுகை இன்றைக்கு வருகிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் மலைப் பள்ளிக்கு வேலைக்கு வந்த நான் உன் பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தேன். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவருடைய ஆயுசு குறையும் என்று நம்பிய ஊர் அது. உன் வீட்டுக்காரர் பெயர் வெள்ளையன். அதனால் வெள்ளிக்கிழமை உனக்கு ‘வியாழனுக்கு மறுநாள்’. வெள்ளைப் பசு ‘பால் நெறத்து மாடு’. உன் வாயைக் கிளறுவதே எனக்குப் பொழுதுபோக்கு. விடிவெள்ளியைக் காட்டி, “அது இன்னாக்கா?” என்று கேட்டால், கொஞ்சமும் அசராமல், “அதுவா? சூரியனுக்கு அண்ணன்” என்பாய்.

அந்த வருடம் தேர்தல் வந்தது. ஊர்த் தலைவர் ஆண்களைக் கோயில் முன்னால் கூட்டி, ஊரே ஒரு சின்னத்துக்குத்தான் போடும் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். உன் வீட்டுக்காரரும் அணைத்தார். அந்தக் கட்சிக்கு பூத் ஏஜெண்டும் அவரே. நீ அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாய்: “அணைச்சது ஆம்பளைங்க கை. என் கை அதுல படல, டீச்சரு.”

அதற்கு முந்தின மழைக்காலத்தில்தான் பிரசவ வலியில் துடித்த உன் தங்கையைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள். பாதி மலையிலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது. ரோடு போட்டுத் தருகிறேன் என்று சொன்ன இன்னொரு வேட்பாளருக்குத்தான் உன் ஓட்டு என்பது எனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருந்தது.

என் பள்ளிக்கூடம்தான் பூத். விரலில் மை வைப்பது என் வேலை. கீழேயிருந்து வந்த அதிகாரி, “தெரிஞ்சவங்கன்னு யாருக்கும் பரிஞ்சு பேசக் கூடாது” என்று காலையிலேயே எங்களை எச்சரித்திருந்தார். உன் முறை வந்தது. பட்டியலில் உன் பெயரில் மூன்று பேர் இருந்தார்கள்.

“புருஷன் பேர் சொல்லும்மா.”

நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

“பேர் சொல்லலன்னா ஓட்டு கிடையாது.” அவர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். “ஏஜெண்டு, இந்தம்மா யாருன்னு தெரியுமா?”

உன் வீட்டுக்காரர் கையிலிருந்த பட்டியலை விட்டு நிமிரவில்லை. “அந்தப் பேர்ல மூணு பேரு கீறாங்க சார்” என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் மைக்குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம்தான், அக்கா. வேறு சாக்கு சொல்ல மாட்டேன்.

“ஓரமா நில்லும்மா. அடுத்த ஆள் வாங்க.”

நீ நகரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாய்.

“வெள்ளையன்” என்றாய். பின்னாலிருந்த பெண்கள், “அய்யோ” என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். “வெள்ளையன் பொண்டாட்டி நானு. தோ, பெஞ்சு மேல குந்திக்கினு கீறாரே, அவருதான்.”

மை வைக்க உன் விரலைப் பிடித்தேன். நீ முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் போனாய்.

நான்காம் நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. புருஷன் பெயரைச் சொல்லியே கொல்லப் போகிறாள் என்று ஊர் உன் காதுபடப் பேசியது. ஒன்பது நாள் நீ அவர் தலைமாட்டைவிட்டு எழவில்லை. உனக்குள்ளும் அந்தப் பயம் இருந்ததை உன் முகத்தில் பார்த்தேன். பத்தாம் நாள் அவர் கஞ்சி கேட்ட பிறகுதான் வெளியே வந்து அழுதாய். நான் மன்னிப்புக் கேட்டதற்கு, “நீ சொல்லியிருந்தா நான் வாயே தெறந்திருக்க மாட்டேன். வுடு டீச்சரு” என்றாய். நீ விட்டுவிட்டாய். என்னால் முடியவில்லை.

போன மாதம் அவர் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். “அன்னியோட சரி, டீச்சரு. அப்பறம் அவ என் பேர சொல்லவேயில்ல. கடைசியில ஒரு வாட்டி கூப்புடுன்னு நானே கேட்டேன். சிரிச்சா, சொல்லல” என்றார். உன்னைத் தெரியும் என்று அன்று சொல்லாத இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். காபி ஆறிப்போனது.

இன்று தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, மை விரலைப் பார்த்துக்கொண்டே, “சார், இவங்கள எனக்குத் தெரியும்” என்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன். அவ்வளவு சின்ன வாக்கியம், அக்கா.