கெளுத்தி வீட்டுப் பிரசவம்

அன்பு மகளே,

இங்கே நான் சுகம், தையல் மெஷின் சுகம், உன் அப்பாவும் என் கையால் எந்தச் சேதமும் இல்லாமல் முழுசாக இருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போன மாதம் போனில் அழுது, இந்த மனுஷனோடு இனிமேல் ஒரே கூரைக்குள் இருக்க முடியாது, உன்னிடமே வந்து ஒரேயடியாக இருந்துவிடுகிறேன் என்று சொன்னதிலிருந்து நீ பயந்துபோய் தினமும் விசாரிக்கிறாய். போனில் பதில் சொன்னால் பக்கத்திலேயே நின்று திருத்தம் சொல்வார், அதனால்தான் கடிதம்.

காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும், ரிப்பேர் பார்க்க மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். முன்னறையில் நான் தைக்க உட்கார்ந்தால் அவரும் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு மெஷின் சத்தம் சரியில்லை என்பார். நூல்கண்டுகளை நிறம் பார்க்காமல் பருமன் வாரியாக அடுக்கி வைத்தார், சிவப்பு நூலைத் தேடியே எனக்குப் பாதி நாள் போயிற்று. கடைசியில் என்னைக் கேட்காமல் மெஷினுக்கு எண்ணெய் விட, அது பல் டாக்டரம்மா தைக்கக் கொடுத்திருந்த வெள்ளைக் கோட்டில் இறங்கிவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. சாப்பாட்டுத் தட்டை மேஜையில் டொக்கென்று வைப்பேன், அவர் தண்ணீர் டம்ளரை டொக்கென்று வைப்பார், அவ்வளவுதான் எங்கள் உரையாடல். உன்னிடம் அழுதது அப்போதுதான்.

அதற்கு மறுநாள் முன்னறையில் நீ விட்டுப்போன மீன் தொட்டியில் கை வைத்தார். ஹீட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாதித் தண்ணீரை இறைத்து, வாளியில் பிடித்து வைத்திருந்ததை ஜில்லென்று ஊற்றினார். தொலைந்தது மீன் என்று நினைத்தேன். அதுகளோ மழைக்காலம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டன. எப்போதும் அடியில் மணலைக் கிளறிக்கொண்டு கிடக்கும் உன் மீசைக்காரக் கெளுத்திகள் காலையில் தொட்டியையே கலக்கிக்கொண்டிருந்தன. குண்டாக இருந்தவள் முட்டையை வயிற்றுத் துடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து கண்ணாடியில் ஒட்டினாள், பின்னாலேயே ஆண்கள் கூட்டம். பார்க்கக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன், எதிரே அளவு பார்க்கும் ஆளுயரக் கண்ணாடியிலும் அதேதான் தெரிந்தது.

ஒட்டி முடித்ததும் அந்தத் தாயே திரும்பி வந்து ஒவ்வொன்றாகத் தின்ன ஆரம்பித்தாள். "அடிப்பாவி, தன் முட்டையத் தானே திங்குதே!" என்று அப்பா கத்தினார். உன் பரீட்சை ரிசல்ட் வந்த நாட்களில் எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு, அதனால் நான் அவளைக் குறை சொல்லவில்லை. இவர் கையை விட்டு எடுக்கப் பார்த்தார். இரும்புக் கம்பி இழுத்த விரல், தொட்டதெல்லாம் உடைந்தது. கையைத் துடைத்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் வந்து, "உன் விரல் கொஞ்சம் வேணும்" என்றார். ஸ்பானர் எடுத்துவா என்பார், டார்ச் பிடி என்பார், எனக்கு வருகிற ஒன்றைக் கேட்டு அவர் வந்து நின்றது இதுதான் முதல் தடவை. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், அதற்குள் அந்தக் குண்டச்சி இன்னொன்றை விழுங்கிவிட்டாள். எழுந்து போய் விரல் நுனியால் மெதுவாக உருட்டி உருட்டி எல்லாவற்றையும் எடுத்தேன்.

காலி ஐஸ்கிரீம் டப்பாவில் தொட்டித் தண்ணீரை விட்டு, காற்றுக் குழாயைப் போட்டு, காய்ந்த பாதாம் இலை ஒன்றை மிதக்க விட்டோம், பூசணம் பிடிக்காதாம். அப்படியும் சிலது வெள்ளையாகிப் பஞ்சு படர்ந்தது, அதை விட்டால் பக்கத்து முட்டையும் கெடும் என்பதால் நூல் பிடுங்கும் சாமணத்தால் நான்தான் பொறுக்கினேன். மிச்சம் பொரிந்தது. இரண்டு கண், ஒரு வால், நடுவில் தொப்பை, அச்சு அசல் உன் அப்பா.

குஞ்சுகளின் தொப்பை கரைந்ததும் தீனி போட ஆரம்பித்தார் பார். முட்டை மஞ்சள் கருவைக் கரைத்துக் கரைத்து ஊற்றினார். ஒரு காலையில் டப்பா நாறியது, பாதிக் குஞ்சுகள் அடியில் படுத்துவிட்டன. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "பசிக்குமேன்னுதான் போட்டேன்" என்றார். மெஷினுக்கு எண்ணெயும் இப்படித்தான் விட்டிருப்பார் என்று தோன்றியது, ஆனால் அந்தக் கோட்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அப்போது தலையைத் தூக்காமலே சொன்னார், "நீ பொண்ணுகிட்ட அழுதது கேட்டுச்சு. என்ன பண்றதுன்னு தெரியல, அதான் தொட்டியக் கழுவினேன்." வாழ்க்கையில் ஒருவன் பெண்டாட்டியைச் சமாதானம் செய்ய மீனைக் குளிப்பாட்டுவானா, நீயே சொல். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. "தள்ளுங்க, இருக்கறதாவது பொழைக்கட்டும்" என்று கரண்டியால் ஒவ்வொன்றாக நல்ல தண்ணீருக்கு மாற்றினேன். "எவ்வளவு போடணும்?" என்று கேட்டார். ஊசி முனை அளவு என்றேன். அன்றிலிருந்து கேட்டுக் கேட்டுத்தான் போடுகிறார்.

இப்போது எல்லாவற்றுக்கும் மீசை முளைத்துவிட்டது. இடம் போதவில்லை, மீன் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று வாளியோடு அனுப்பினேன். மத்தியானம் அதே வாளி, அதே குஞ்சுகளோடு திரும்பினார். கேட்டால், "அவன் தொட்டியப் பாத்தியா? என் புள்ளைங்கள அதுலயா விடுவேன்?" என்கிறார். போன இடத்தில் சும்மா இராமல் அந்தக் கடைக்காரரின் பம்பையும் பிரித்துப் பூட்டியிருக்கிறார், அந்த மனிதரும் நாளைக்கும் வாங்க என்று சொல்லிவிட்டார். தினமும் காலையில் வேலைக்குப் போகிற மாதிரி சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புகிறார். சாயங்காலம் வரை முன்னறை என்னுடையது, சிவப்பு நூல் சிவப்பு நூலோடு இருக்கிறது.

ஆகவே வருகிறேன், ஆனால் வீட்டை விட்டு ஓடி வந்தவளாக இல்லை, விருந்தாளியாக. திரும்புகிற தேதியையும் சேர்த்து டிக்கெட் போடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் சிரித்துக்கொண்டு நீடூழி வாழ வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. மாப்பிள்ளை உன்னைக் கேட்காமல் எதையாவது சரி செய்து கெடுத்தால் நன்றாகச் சண்டை போடு, ஆனால் வாயைத் திறந்து போடு, தட்டால் போடாதே.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா
(அப்பாவும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார், கை ஈரமாம்.)