அட்டனுக்குப் பதினாறு மைல்

1938 பெப்ரவரி 9, புதன்

பேச்சு என்னுடையது, எழுத்து என் மருமகள் வீரம்மாவுடையது. எனக்குக் கைநாட்டுத்தான். எங்கள் வக்கீல், அட்டன் புரொக்டர் ஐயா, சொல்லி அனுப்பியிருக்கிறார்: "பெரியவர் தினமும் சொல்லட்டும், மருமகள் எழுதி வைக்கட்டும். கோர்ட்டில் தடுமாறக் கூடாது." நான் ஏன் தடுமாறப் போகிறேன்? எழுபத்தொரு வயதில் முழங்கால்தான் போயிருக்கிறது, புத்தி போகவில்லை.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் மத்தியானம் தோட்டத்து விறகுக் கொட்டில் எரிந்தது. வைத்தவன் என் மகன் சின்னத்தம்பி என்று கணக்கப்பிள்ளை பொலிசில் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே அவனைப் பிடித்துப்போய் அடைத்துவிட்டார்கள். கூலியை ஏன் குறைத்தீர்கள் என்று துரை முகத்துக்கு நேரே கேட்டவன் அவன் ஒருவன்தானே. ஆனால் அந்த நேரம் அவன் என்னை முதுகில் சுமந்துபோய்த் தோட்டத்து ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்த்தியிருந்தான். புகை எழும்பியதை இரண்டு பேரும் ஜன்னலில் பார்த்தோம். அங்கே இருந்த மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களுக்கும் துரை கொடுத்த லயத்து வீட்டில் குடியிருக்க வேண்டுமே. மருந்து கொடுக்கிற ஐயாவும், "எனக்கு ஞாபகமில்லை பெரியவரே" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

பதினாறாம் தேதி, காலை பத்து மணிக்குக் கேஸ். நான் போய்ச் சொல்லாவிட்டால் ஆறு மாதம் உள்ளே.

பெப்ரவரி 12, சனி

பஸ் இல்லை. டிரைவர், கண்டக்டர் எல்லாரும் ஸ்டிரைக்காம். பொகவந்தலாவைக் கடைத்தெருவில் பஸ்கள் வரிசையாக நிற்கின்றனவாம், ஒன்றும் அசையவில்லையாம். நாலு நாள் இருக்கிறதே, அதற்குள் முடியாதா?

பெப்ரவரி 13, ஞாயிறு

இன்றைக்கும் இல்லை.

பெப்ரவரி 14, திங்கள்

வாடகைக் கார் கேட்கப் போன வீரம்மா வெறுங்கையோடு வந்தாள். "காரை எடுத்தா கண்ணாடி மிஞ்சாதுன்னு சொல்றாங்க மாமா." ரயிலோ அட்டனில்தான் இருக்கிறது. அட்டனுக்குப் போக வழி இல்லாதவனுக்கு அட்டன் ரயில் எதற்கு?

நடக்கலாம் என்றேன். அவள் என் முழங்காலைப் பார்த்தாள்.

பெப்ரவரி 15, செவ்வாய்

நோர்வூட் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் வீரம்மா லீவு கேட்டாளாம். கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும், "என்ன, மாமனாருக்கு ஊர்வலமா?" என்று சிரித்தாராம். "ஆமாங்க. உங்களுக்குத்தான் மொத பத்திரிகை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இவளை இத்தனை நாள் வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்தேன்.

நாலு மைல் நடந்தேன். பிறகு கால் மடங்கவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்திருந்தபோது அரிசி லொறி ஒன்று இரக்கப்பட்டு ஏற்றியது. நோர்வூட் பாலத்தில் பத்துப் பதினைந்து பேர் குறுக்கே நின்றார்கள். பஸ்காரர்கள். ஒருவன் லொறியில் தொற்றி எட்டிப் பார்த்தான்.

"அரிசி போகலாம். ஆள் போகக் கூடாது. இறங்குங்க பெரியவரே."

"என் மகனுக்கு நாளைக்குக் கேஸ்டா! நான்தான் சாட்சி. என்னை இறக்கினா அவனுக்கு ஜெயில்டா, பாவிப் பயலே!"

"இப்படி ஒவ்வொரு ஆளா விட்டா, எங்க ஸ்டிரைக் நாளைக்கே படுத்துரும். சம்பளத்தைக் குறைச்சிட்டாங்க பெரியவரே. என் வீட்டுலயும் அடுப்பு எரியல."

கூலியைக் குறைத்ததைக் கேட்டுத்தான் என் பிள்ளை உள்ளே கிடக்கிறான். இவனும் அதையே சொல்கிறான். அப்புறம் நான் என்னத்தைச் சொல்ல? ஆனாலும் கண்டபடி திட்டினேன். திட்டிக்கொண்டே இறங்கினேன். அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டான், திட்டையும் கேட்டுக்கொண்டான்.

இன்னும் பாதி வழி கிடக்கிறது.

பெப்ரவரி 16, புதன்

எழுதம்மா, ஒன்றும் விடாமல் எழுது.

விடியுமுன் புறப்பட்டோம். ஒரு கையில் தடி, ஒரு கை அவள் தோளில். டிக்கோயாவை நெருங்கும்போது மேல் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் மணி அடித்தது. எண்ணினேன். பத்து.

அவ்வளவுதான். கோர்ட்டில் பேர் கூப்பிட்டிருப்பார்கள். "சாட்சி எங்கே?" என்றிருப்பார்கள். தடியை எறிந்துவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீரம்மா வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். திரும்பிப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அதையும் எழுது.

கருவாட்டு மூட்டையோடு ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அட்டன் கடைக்கார இப்றாஹிம் நானா.

"என்னத்துக்கு அழுவுறீங்க?"

சொன்னோம். மனுஷன் மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"ஒம்பது மணிதானே! அது துரைட மணி, ஊர் மணி இல்ல. வெள்ளென வேலைக்கு ஆள் இறக்க ஒரு மணித்தியாலம் முந்தி வெச்சிருக்காங்க. ஏறுங்க, ஏறுங்க. கருவாட்டு மேல குந்துங்க."

நாற்பது வருடம் அந்த மாதிரி மணிக்கு எழுந்திருக்கிறேன். மணியும் பொய் சொல்லும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லையே எனக்கு!

பாலத்தில் நின்ற கூட்டம் போல டிக்கோயாவிலும் ஒரு கூட்டம் நின்றது. வண்டியை மறிக்கப் போகிறார்கள் என்று உயிர் போய்விட்டது. மாட்டு வண்டியை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோர்ட்டு வாசலில் நாங்கள் இறங்கும்போது துரையின் கார் வந்து நின்றது. கணக்கப்பிள்ளையும் மருந்து ஐயாவும் இறங்கினார்கள். அதே ரோட்டில்தான் வந்திருக்கிறார்கள். அந்தக் காரை யாரும் மறிக்கவில்லை.

கூண்டில் ஏறினேன். எதிர்ப்பக்க வக்கீல், "மருமகள் எழுதிக் கொடுத்ததைப் பாடம் பண்ணி வந்திருக்கிறாய்" என்றார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. பார்த்ததைத்தான் சொல்றேன். அன்னைக்கு மருந்து வாங்கினவங்களை வரிசையாச் சொல்றேன், ஆஸ்பத்திரிப் புத்தகத்தைப் பாருங்க."

மருந்து ஐயா கொண்டுவந்திருந்த புத்தகத்தை நீதவான் வாங்கினார். நான் சொன்னேன்: மொதல்ல அழகம்மா, கைக்குழந்தைக்கு இருமல். அப்புறம் கவ்வாத்துக் கத்தி கையில் பட்ட ஆண்டியப்பன். அப்புறம் வேலாயி, அட்டை கடிச்ச புண்ணு. அதுக்குப் பின்னாடி ஸ்டோர் வாச்சர், காய்ச்சல். அப்புறம் நான். எனக்கு மருந்து தடவும்போதுதான் புகை தெரிஞ்சது. மருந்து ஐயாவே ஜன்னலைச் சாத்தச் சொன்னார். எந்திரிச்சுப் போய்ச் சாத்தினது என் மகன்.

நீதவான் விரலை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். வரிசை தப்பவில்லை. மருந்து ஐயாவைக் கூப்பிட்டு, "ஜன்னலைச் சாத்தியது யார்?" என்று கேட்டார். அந்த மனுஷன் தன் கையால் எழுதிய அந்தப் புத்தகத்தைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னத்தம்பிதான், சேர்" என்றார் மருந்து ஐயா.

விட்டுவிட்டார்கள். வீரம்மா, அழாதே, மை பரவுது.

பெப்ரவரி 21, திங்கள்

பஸ் ஓடுகிறதாம். குறைத்ததில் பாதியைக் கொடுத்தார்களாம்.

எங்களுக்கும் துரை கொடுத்தார், பத்துச்சீட்டு. மகனுக்கும் மருமகளுக்கும் வேலை நின்றது, மாதக் கடைசியில் லயத்தைக் காலி பண்ண வேண்டும். மருந்து ஐயாவையும் வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்களாம். அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். போவதற்குள் அவர் புறப்பட்டுவிட்டார்.

பெப்ரவரி 28, திங்கள்

ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்களாம். அட்டன் போய், அங்கிருந்து போக வேண்டும். அம்மிக்கல்லைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று கண்டக்டர் சண்டை பிடித்தான். வீரம்மா அவனை ஜெயித்தாள்.

சின்னத்தம்பி எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான். லயத்து ஆட்கள் ரோட்டுக்கு வந்து நின்றார்களாம், கை காட்டினார்களாம். நான் பார்க்கவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவன் மணிக்கட்டைத்தான் நோர்வூட் வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தேன். விலங்கு போட்ட காயம் இன்னும் காயவில்லை.