எண் மாறிய புத்தகங்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இது அவரை வைத்துக்கொண்டு பேசும் விஷயமில்லை.

அப்பா இப்போது நூலகத்தில் வேலை பார்க்கவில்லை. நீண்ட விடுப்பு என்று நூலகர் பக்குவமாகச் சொன்னார். அது திரும்பிப் போகிற விடுப்பு இல்லை என்று நூலகருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதே நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் நான் இருப்பதால், எல்லாம் என் கண்முன்னால்தான் நடந்தது.

புதுப் புத்தகங்களால் தொல்லை வரவில்லை. அவை என்ன பொருளைப் பற்றியவை, எந்த அலமாரியில் வைக்க என்ன எண் என்பதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே கிடைத்துவிடுகிறது. எண் சீட்டைப் புத்தகத்தின் முதுகில் ஒட்டினால் முடிந்தது. பழையவைதான் பாடு. அட்டை இருக்காது, முன்பக்கம் கிழிந்திருக்கும். உள்ளே படித்துப் பார்த்துத்தான் எண் போட வேண்டும். தேனீ வளர்ப்பை விவசாயத்தில் சேர்ப்பதா, விலங்கியலில் சேர்ப்பதா என்று சாப்பிடும்போது உன்னிடம் கேட்பாரே. நீ இனிப்பில் சேருங்கள் என்பாய். அந்த மாதிரிப் பழைய புத்தகங்கள் ஒரு அறை நிறைய இருந்தன. அவற்றுக்கெல்லாம் புது எண் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை அப்பாவிடம் கொடுத்தார்கள். ஏற்றி முடித்ததும், எந்தப் புத்தகம் எங்கே என்று எழுதி வைத்திருந்த பழைய அட்டைப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அதன்பிறகு ஒரு வக்கீல் அம்மா நிலச் சட்டம் பற்றிய பழைய புத்தகம் கேட்டு வந்தார். கம்ப்யூட்டர் இருக்கிறது என்றது, அலமாரியில் இல்லை. தேடித் தேடிக் கடைசியில் சமையல் புத்தகங்களுக்கு நடுவில் கிடைத்தது. கேஸ் நல்லா வெந்துடும் என்று அந்த அம்மா சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்து நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகம் தையல் அலமாரியில் அகப்பட்டது. அதற்கு நான் சிரிக்கவில்லை.

நூலகரும் நானும் அந்த அறைக்குள் போய்ப் பார்த்தோம். கண் நோய்ப் புத்தகமும் கால்நடைப் புத்தகமும் கவிதையும் ஒரே எண்ணில் இருந்தன. சில புத்தகங்களில் சீட்டின்மேல் சீட்டாக ஒட்டி, ஒவ்வொன்றிலும் வேறு எண். எல்லாம் அப்பாவின் கையெழுத்து. அவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்த்தார். யார் இப்படிக் கண்டபடி ஒட்டி வெச்சது, படிக்க வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க என்று கோபப்பட்டார். நூலகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மறதி நோய், ஞாபகம் இனி ஏறாது, இறங்கத்தான் செய்யும் என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார், தூக்கத்துக்கு.

வேலை முடிந்தபிறகு தினமும் உட்கார்ந்து சரிசெய்கிறேன் என்று நூலகரிடம் கெஞ்சினேன். அவரும் விட்டார். எனக்குத் தெரிந்த மட்டும் செய்தேன். ஆனால் அந்தப் படிப்பு எனக்கு ஏது? மேலிடத்திலிருந்து வந்து பார்த்தவர்கள், தப்பான எண்ணில் இருக்கிற புத்தகம் இல்லாத புத்தகத்துக்குச் சமம், மறுபடி செய்ய ஆளும் இல்லை, அறையைக் காலி பண்ணுங்கள் என்றார்கள். நூலகர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். எடுபடவில்லை. பழைய காகிதத்துக்கு எடுப்பவரின் லாரி போன வாரம் வந்தது.

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விடுப்பு என்பது அவர் மனதில் நிற்பதில்லையே. தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிடுவார். அன்றைக்கும் வந்தார். ஆட்கள் கட்டுக்கட்டாகத் தூக்கிப் போவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானும் தூக்க ஆரம்பித்தார். பாத்து வைங்க, புது வரவு, இன்னும் நம்பர் போடல என்று லாரிக்காரரிடம் சொன்னார். லாரிக்காரர் என்னைப் பார்த்தார். விடுங்கள் என்று நான் கையைக் காட்டினேன். வேறு என்ன செய்வது, நீயே சொல்.

லாரி போனபிறகு, எப்போ இறக்குவாங்க என்று கேட்டார். நாளைக்கு என்றேன். அப்போ சீக்கிரம் வரணும் என்றார். வியர்வையோடு நின்றார். இத்தனை மாதத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வயதானால் மறதி சகஜம்தானே அம்மா, அப்பா என்னிடம் நன்றாகத்தானே பேசுகிறார் என்கிறாய். நீ பேசுகிறாய், அவர் ஆமாம்மா, சரிம்மா என்கிறார். கடன் வேண்டுமா என்று கேட்டுக் கூப்பிடுகிற பெண்ணிடமும் அப்படியேதான் சொல்கிறார். போனை வைத்ததும் என்னிடம் ஒன்று கேட்கிறார். அதை எழுதக் கை வரவில்லை.

உன் வேலை, உன் வீடு எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காதே. தனியாகவாவது வந்துவிடு. கதவைத் திறப்பவர் அப்பாவாக இருந்து, யாரு வேணும் என்று கேட்டால் அங்கேயே நின்று அழுதுவிடாதே. நீ யாரென்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே வா. நான் அடுக்களையில்தான் இருப்பேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன் அம்மா