நாற்பது விநாடி ஏரி

ஏரிக்கரை வீட்டை விட்டு நகராதவனுக்கு,

நம் ஏரியைப் பற்றி நான் எழுதிய இசை நாளை மாலை மிசூலா நகர அரங்கில் முதல்முறையாக ஒலிக்கப்போகிறது. இன்று ஒத்திகையில் சண்டை.

நடுவில் நாற்பது விநாடி இசைக்குழு முழுவதும் மௌனமாக இருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முரசடி. முரசுக்காரர் லைல் எண்ணிக்கை தவறி முன்னாலேயே அடித்துவிட்டார்.

"இவ்ளோ நேரம் சும்மா நின்னா கை அரிக்குதும்மா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"பாதியா வெட்டிடலாமே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் குழுவை நடத்துபவர்.

"ஒரு விநாடி கொறைஞ்சாலும் இசைத்தாளையெல்லாம் வாங்கிட்டுப் போயிடுவேன்!" என்று கத்திவிட்டேன்.

உனக்குத் தெரியும். உறைந்த ஏரியின் பனி விரிசல் விட்ட சத்தத்துக்கும், நீ நம் டோபின் பெயரைச் சொல்லி அலறியதற்கும் நடுவே அவ்வளவு நேரம்தான்.

அவனை ஏரி கொண்டுபோன அன்று பனியின் கனத்தை அளந்தது நீ என்றே ஊர் நினைக்கிறது. ஆறு வருடமாக நீ மறுக்கவில்லை, நானும் திருத்தவில்லை. நாளை மேடையில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசப்போகிறேன். முன்வரிசையில் உனக்கு இடம் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கரையோரம் மட்டும் பனியில் துளைபோட்டுப் பார்த்துவிட்டு, நம் மகனிடம் "போடா, தாங்கும்" என்றவள்.