மாமன் வாங்கி வந்த மை

ராஜபாளையம்
12.6.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை பரிபூரணம் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீங்கள் அங்கே பட்டாளத்தில், பெரோஸ்பூர் வெயிலில் எப்படி இருக்கிறீர்கள்? ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்கு உடம்புக்கு வந்தால் யார் ஓட்டுவது என்று உங்கள் மாப்பிள்ளை கேலி பேசிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் மருமகள் சீனிக்கு வரும் ஆவணியில் ஐந்து வயது முடிகிறது. இரண்டு வயதில் உங்கள் போட்டோவைக் காட்டி "மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தாளே, இப்போது அதுவும் இல்லை. அம்மா, தா, போ, மூன்றே சொல். சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக அழுகிறாள். பால்வாடிக்கு அனுப்பினேன். பத்தே நாளில் டீச்சர் வீட்டுக்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். "இவ கடிக்கா, அடிக்கா. இவள வச்சிக்கிட்டு மத்த பிள்ளைகளைப் பாக்க என்னால ஏலாதும்மா" என்றார்கள். டீச்சர் கையில் பல் தடம் இருந்தது.

"எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது, அவ பிறந்த வீட்டுல விசாரிங்க" என்று என் மாமியார் தெருவுக்கே கேட்கச் சொல்கிறார். உங்கள் மாப்பிள்ளை மில்லில் இருந்து வந்தால் எதுவும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறார். அவர் திட்டினால்கூடத் தேவலை.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மதினியைப் பார்க்கப் போனேன். உங்கள் மகன் முத்துவீரன் நூறு வரை எண்ணுகிறான். சீனிக்கு இரண்டு மாதம்தானே மூத்தவன். சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். மதினி வேறு, "பெத்த பிள்ளைக்கு ஒரு டப்பா கிடையாது, மருமகளுக்கு மட்டும் வருசா வருசம் மை வருது" என்று சொன்னார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார்கள். ஆனால் முகத்தில் விளையாட்டு இல்லை.

மை என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் கொண்டுவந்த சுர்மா தீர்ந்துபோனது. பிறந்த பதினாறாம் நாளில் இருந்து சீனிக்கு அந்த மைதான். விளக்கெண்ணெயில் குழைத்து, கண்ணுக்கும் புருவத்துக்கும் கன்னத்துக்கும் உள்ளங்காலுக்கும் வைக்காமல் ஒருநாள் இருந்ததில்லை. கண்பட்டதால்தான் இப்படி ஆகிவிட்டாள், இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடு என்கிறார் மாமியார். யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள்.

இன்னொன்று. எனக்கு இப்போது நாலு மாதம். சந்தோஷமாக எழுத வேண்டிய செய்தி. வயிற்றில் இருப்பதும் சீனி மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. இதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

உங்கள் தங்கை
பரிபூரணம்


பெரோஸ்பூர்
30.6.1986

என் செல்லத் தங்கை பரிபூரணத்துக்கு,

மாரிச்சாமி அண்ணன் எழுதுவது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் வருத்தப்பட்டேன், பிறகு சிரித்தேன். நாலு வயது வரை நானே வாயைத் திறக்கவில்லை என்று நம் அம்மா சொல்வாள். இப்போது, "மாரிச்சாமி, பத்து நிமிஷம் சும்மா இரு" என்று சுபேதார் கெஞ்சுகிறார். சீனியும் பேசுவாள். பேச ஆரம்பித்தால் உன் மாமியார் காதைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

எங்கள் யூனிட்டில் இருக்கும் சேத்தூர் தனுஷ்கோடி லீவில் வருகிறான். அவனிடம் இரண்டு டப்பா சுர்மா கொடுத்திருக்கிறேன். பஜாரில் வழக்கமான கடையில், நான் நிற்கும்போதே அரைத்தது. என்ன மினுமினுப்பு தெரியுமா? ஒன்று சீனிக்கு, ஒன்று வரப்போகும் ஆளுக்கு. உன் மதினி பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதே. உன் பிள்ளைகளுக்கு மாமன் நான். முத்துவீரனுக்குச் செய்ய அவனுடைய மாமன்மார் இரண்டு பேர் இருக்கிறார்கள், செய்யட்டுமே.

பயப்படாதே. நன்றாகச் சாப்பிடு. மாப்பிள்ளை பொன்னுராஜைக் கேட்டதாகச் சொல்.

அன்பு அண்ணன்
மாரிச்சாமி


ராஜபாளையம்
9.2.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

சீனியின் தம்பிக்கு வைகுண்டராஜ் என்று பெயர் வைத்ததை மதினி எழுதியிருப்பார்கள். இன்றோடு எண்பத்து நாலு நாள் ஆகிறது. நல்ல நிறம், உங்கள் மூக்கு. நீங்கள் அனுப்பிய மை வைத்தால் பார்க்கிறவர்கள் கண்ணை எடுப்பதில்லை. தொப்புள் புண் ஆறவும் மாமியார் அதைத்தான் வைத்தார்.

சீனியைப் பற்றி எழுதாமல் தள்ளிப் போட்டேன். இந்தத் தை மாதத்தில் இரண்டு தடவை வலிப்பு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் குறைவு என்று டானிக்கும், பூச்சி மருந்தும் எழுதிக் கொடுத்தார். மாமியார் மகாராஜபுரத்துக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார். அதையும் கடித்துத் துப்பிவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி வீறிட்டு அழுதான். ஓடிப்போய்ப் பார்த்தால் சீனி தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அவன் காலைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். இழுத்து எறிந்தேன் அண்ணா, என் பிள்ளையை நானே எறிந்தேன். செத்த நேரம் கழித்து அவளே வந்து தம்பி காலைத் தடவிக் கொடுக்கிறாள். தான் செய்தது அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் தம்பியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். என் மகளைக் கண்டு நானே பயப்படுகிறேன்.

தம்பியும் நாலைந்து நாளாகச் சோர்ந்து கிடக்கிறான். பால் சரியாகக் குடிப்பதில்லை, வெளிக்கும் போகவில்லை. பிள்ளை என்றால் இப்படித்தான் என்கிறார்கள். சீனிக்கும் கைப்பிள்ளையில் இப்படித்தான் இருந்தது. அதைத்தான் நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் டாக்டர்களோடு போகிறவர். யாரிடமாவது கேட்டுச் சொல்லுங்கள்.

பரிபூரணம்


பெரோஸ்பூர்
26.2.1987

அன்புத் தங்கை பரிபூரணத்துக்கு,

இதைக் கையில் எடுத்ததும் முதலில் ஒரு வேலை செய். சுர்மா டப்பாவை எடுத்து ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடு. மிச்சத்தைப் பிறகு படி.

நேற்று ஒரு லேடி டாக்டரை வண்டியில் கூட்டிப்போனேன். குழந்தை டாக்டர், மேஜர். உன் கடிதத்தில் இருந்ததை எல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பாவுக்கு பேட்டரி வேலையா? இல்லை, மில்லில் ஃபிட்டர். வீட்டில் பெயின்ட் வேலை நடக்கிறதா? இல்லை. நாட்டு மருந்து கொடுக்கிறார்களா? இல்லை. அப்போது என் சட்டைப் பையில் தம்பிக்கு என்று புதிதாக வாங்கிய டப்பா இருந்தது. குழந்தைகளுக்கு நான் எவ்வளவு செய்கிறேன் தெரியுமா என்று காட்டுவதற்காக அதை எடுத்து நீட்டினேன். பெருமைக்காகத்தான் நீட்டினேன், பூரணம்.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். விரலில் தேய்த்துப் பார்த்தார். "கைக்குழந்தைக்கா?" என்று கேட்டார். இந்த மாதிரி மையில் பாதிக்கு மேல் காரீயக் கல்லை அரைத்த பொடியாக இருக்குமாம். பிள்ளை கண்ணைக் கசக்குகிறது, அந்தக் கையை வாயில் வைக்கிறது. அப்படியே ஈயம் உள்ளே போகிறது. ரத்தத்தைக் குறைக்கும், வயிற்றைக் கட்டும். மூளை வளர்கிற வயதாயிற்றே, அங்கே போய்த் தங்கிவிடுமாம். பெரியவர்கள் தாங்குவதைப் பிஞ்சு தாங்காது. பேச்சு நின்றுபோகும், கோபம் வரும், மண்ணையும் சுண்ணாம்பையும் தின்னத் தோன்றும், மிஞ்சினால் வலிப்பு வரும் என்றார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீனியை ஒருநாளும் பார்க்காத அந்த டாக்டரம்மா, பக்கத்தில் இருந்து பார்த்ததுபோலச் சொல்கிறார்.

தொட்டில் துணி, தலையணை எல்லாவற்றையும் வெந்நீரில் துவை. தரையை ஈரத்துணியால் துடை. இரண்டு பிள்ளைகளையும் மதுரைக்குக் கொண்டுபோ. ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு உள்ளே இருக்கிறது.

இன்று தந்தி கொடுத்தேன். கடிதம் வர ஏழெட்டு நாள் ஆகும், தந்தி முந்திக்கொள்ளும். காரணத்தை அதில் எழுதவில்லை. இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன். மருமக்களுக்கு மாமனே விஷம் வாங்கித் தந்தான் என்று வழியெல்லாம் படிப்பார்களே என்று வெட்கமாக இருந்தது.

முத்துவீரனுக்கு ஒன்றும் இல்லை. அவனுக்கு நான் எதுவும் வாங்கிக் கொடுக்கவில்லை.

மாரிச்சாமி


ராஜபாளையம்
2.3.1987

அண்ணனுக்கு,

உங்கள் தந்தி நேற்று வந்தது. தபால்காரர் "தந்தி" என்றதும் என் மாமியார் தெருவில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டார். உங்களுக்கு என்ன ஆயிற்றோ என்று என் உயிர் போய்த் திரும்பியது. மில் கிளார்க் முத்துராமலிங்கம் அண்ணாச்சி ஓடிவந்து இங்கிலீஷில் இருந்ததைப் படித்துச் சொன்னார். "பிள்ளைகளுக்கு இனி சுர்மா போடாதே, கடிதம் வருகிறது." அவ்வளவுதான். கூடிய கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"மைக்குப் போயி எவனாச்சும் தந்தி கொடுப்பானா? அவன் பொண்டாட்டி நிப்பாட்டச் சொல்லிட்டா, அதான் விசயம்" என்றார் மாமியார். நான் அப்படி இருக்காது என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தால் வேறு என்னதான் காரணம் இருக்க முடியும்? மதினிக்கு இஷ்டமில்லை என்றால் லீவில் வரும்போது என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே. ஊர் சிரிக்க வைக்க வேண்டுமா?

அனுப்பியதில் ஒரு டப்பா அப்படியே இருக்கிறது. அது தீரும் வரை போடுவேன். அதற்குப் பிறகு விளக்கில் கரி பிடித்து மை செய்துகொள்ள எனக்குத் தெரியும். இன்று காலையும் இரண்டு பேருக்கும் போட்டேன். வேண்டுமென்றே நன்றாக அழுத்திப் போட்டேன்.

பரிபூரணம்


பெரோஸ்பூர்
10.3.1987

பூரணம்,

உன் இரண்டாம் தேதிக் கடிதம் இப்போதுதான் வந்தது. என் கடிதம் கிடைத்ததா? கிடைத்திருக்கும். கிடைத்திருக்க வேண்டும். வழியில் தவறியிருந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இப்போது இன்னொரு தந்தி கொடுத்திருக்கிறேன். அந்த மையில் விஷம் இருக்கிறது என்று பட்டவர்த்தனமாக எழுதிக் கொடுத்தேன். முதல் தந்தியிலேயே எழுதியிருக்க வேண்டிய வார்த்தை. லீவு கேட்டேன், இப்போது யாருக்கும் இல்லை என்கிறார்கள். ஒரே ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

மாரிச்சாமி


ராஜபாளையம்
21.6.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. மூன்று மாதம் பதில் போடாமல் இருந்தது வேலையால் இல்லை, வேண்டுமென்றுதான்.

பிப்ரவரி 26ஆம் தேதி எழுதியது மார்ச் ஆறாம் தேதி கிடைத்தது. தந்திக்கும் அதற்கும் நடுவில் ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் ரோஷத்தில் அழுத்திப் போட்டது என் கை. அதை உங்கள் மேல் போட மாட்டேன். ஆனால் அந்த முதல் தந்தியில் விஷம் என்ற ஒரு வார்த்தையை எழுத உங்களுக்கு வெட்கமாக இருந்ததே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மதுரையில் ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார்கள். சீனிக்கு மிக அதிகம். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்து ஊசி போட்டார்கள். அவள் கதறும்போது கையைக் காலைப் பிடித்துக்கொண்டது மதினிதான். முத்துவீரனை அவன் மாமன் வீட்டில் விட்டுவிட்டு வந்து, மூன்று வாரமும் என்னோடு தரையில் படுத்தார்கள். "எம்மகன் தப்பிச்சான்னு நெனைக்கவே எனக்குக் கூசுது பூரணம்" என்று ஒருநாள் சொன்னார்கள். எனக்கு மதினி மேல் பொறாமை வந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சீனிக்கு இப்போது வயிற்றுவலி இல்லை. வலிப்பும் வரவில்லை. கடிப்பது குறைந்திருக்கிறது. "தம்பி" என்று ஒரு சொல் புதிதாகச் சொல்கிறாள். ரத்தமும் வயிறும் தேறும், மூளையில் எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பும் என்பதைத் தன்னால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எத்தனை வருஷம் கழித்துத் தெரியும் என்று கேட்டேன். போகப் போகப் பாருங்கள் என்றார்.

தம்பிக்கு அவளுக்கு இருந்ததில் பாதிகூட இல்லை. சீக்கிரம் நிறுத்தியது நல்லது, பெரும்பாலும் சரியாக இருப்பான் என்றார். அந்தப் "பெரும்பாலும்" என்கிற சொல்லோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன். அவன் சிரித்தால், சீனி இந்த மாதத்தில் சிரித்தாளா என்று யோசிக்கிறேன். அழுதால் வலிப்போ என்று ஓடுகிறேன். "ங்கா" என்றால் உடனே சந்தோஷம், அடுத்த நிமிஷமே, சீனியும் "மாமா" என்று சொன்னவள்தானே என்று நினைப்பு வந்துவிடுகிறது. அவன் பேசி, பள்ளிக்கூடம் போய், நூறு எண்ணும் வரை எனக்கு இந்தப் பயம் போகாது.

ஆவணியில் இரண்டு பேருக்கும் காது குத்துகிறோம். உங்கள் மாப்பிள்ளை நீங்கள் வாசற்படி மிதிக்கக் கூடாது என்று நின்றார். "எங்க அண்ணன் மடியிலதான் எம்பிள்ளைக உக்காரும். அவிய வராட்டா இந்த வீட்டுல காதுகுத்தே கிடையாது" என்று நான் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்து சம்மதிக்க வைத்தேன். லீவு கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். கட்டாயம் வாருங்கள்.

ஆனால் சீர் ஒன்றும் வேண்டாம். கம்மல் நாங்களே எடுத்துவிட்டோம். துணி, பொம்மை, மிட்டாய், எதுவும் கொண்டு வராதீர்கள். கோபத்தில் எழுதவில்லை அண்ணா. நீங்கள் கொடுத்தால் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வேன், நீங்கள் அந்தப் பக்கம் போனதும் அடுப்பில் போட்டுவிடுவேன். என்னால் முடியாது, எனக்கே தெரிகிறது. தாய்மாமன் வெறுங்கையோடு வந்தான் என்று சபையில் பேசுவார்கள். உங்களுக்குத் தலை குனிவுதான். எனக்காக அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் வாளியில் தண்ணீரும் சோப்பும் வைத்திருப்பேன். கையை நன்றாகக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள். பிறகு பிள்ளையைத் தருகிறேன்.

உங்கள் தங்கை
பரிபூரணம்