ஒத்தக் கம்பியில நூத்தியிருவது செடி

1976 ஜனவரி 11, ஞாயிறு

காலையில பனி. புல்லு பூரா வெள்ள. மூக்கு இருக்கான்னு தொட்டுப் பாத்தேன். இருந்திச்சு.

பூச முடிஞ்சி வந்து செடி எண்ணுனோம், நானும் மக பிலோவும். 120. எல்லாம் பால்டின்ல. பிகோனியா. மருமகன் அருளப்பன் பங்களாவுல இருந்து வெட்டிக் கொண்டாந்து பதியம் வச்சது. முன்னறையில கட்டில எடுத்துட்டு மூணு தட்டு பலகை அடிச்சிருக்கான். நான் இப்ப குசினியில அடுப்போரம் படுக்கை. செடிக்கு உள்ள மரியாத மாமனாருக்கு இல்ல.

சன்னலுக்கு சாக்குப் படுதா. மேல நாலு பல்பு, ஒவ்வொன்னும் 200 வாட்டு. கீழ ஹீட்டரு. தொர சீமைக்குப் போறப்ப பங்களா சாமான் ஏலம் போட்டாங்கள்ல, அன்னைக்கு எடுத்தது. ரெண்டு கம்பி செவப்பா எரியும். அதுக்கு நான் வச்ச பேரு சின்னதொர. நல்லா திங்கிது, இருந்த எடத்த விட்டு அசையிறதில்ல.

பிலோகிட்ட சொன்னேன், "செடிக்கெல்லாம் ஒரு சுவட்டரு பின்னிப் போடேன்."
"மொதல்ல ஒங்க வாய்க்கு ஒன்னு பின்னுறேன்ப்பா."

ஜனவரி 13, செவ்வாய்

வானம் மப்பு. மத்தியானம் பியூஸ் போச்சு. இது நாலாவது வாட்டி. அருளப்பன் டவுன்ல இருந்து பாஸ் ஒருத்தர கூட்டியாந்தான். சிங்கள ஆளு, கரண்டு வேல. கைத்தொழில்காரர இங்க பாஸ்னுதான் கூப்பிடுறது. பேரு குணபால. நல்ல மனுசன். உள்ள வந்தவரு செடியப் பாக்கல. நேரா செவுத்து பிளக்கு பாயிண்டு கிட்ட போயி மோந்து பாத்தாரு.

"ஐயா, கைய வைங்க இங்க."

செவுத்துல கம்பி ஓடுற மரப்பட்டியில கைய வச்சேன். அட கோழி வயிறு மாதிரி கதகதன்னு.

"முட்ட வைக்கப் போகுது பாஸ்"ன்னேன்.
"முட்ட இல்ல ஐயா. வீடு பத்தும்."

ஹீட்டருக்கு பிளக்கே கெடையாது. ரெண்டு கம்பிய ஓட்டையில விட்டு தீக்குச்சி குத்தி வச்சிருந்தோம். பாஸ் தலையில கைய வச்சிக்கிட்டாரு. "எப்பா, எப்பா"ன்னு நாலு தரம். வேணாம்னு அர்த்தம், அது எனக்குத் தெரியும், மாத்தறைச் சிங்களவன் ஒருத்தனோட தேயில பேக்டரி எஞ்சின் ரூமுல எத்தன வருசம்.

பாஸ் சொன்னது. மறந்துருவேன், எழுதுறேன்.
இந்த வீட்டுக் கம்பி பல்பு எரிக்கவும் ரேடியோ பாடவும் மட்டும். ஆயிரம் வாட்டுக்கு மேல ஏத்தக் கூடாது. நம்ம கணக்கு: பல்பு 800, சின்னதொர 2000. ஆக 2800. சிரிக்கிறாரு.
ஹீட்டருக்கு மீட்டருல இருந்து தனிக் கம்பி இழுக்கணும். ஏழு இழை உள்ள தடிச்ச கம்பி. தனி பியூஸ். மூணு கால் பெரிய பிளக்கு. மண்ணுக்குள்ள எர்த்து.
அது வர்ற வரைக்கும் ஹீட்டருல ஒத்தக் கம்பி மட்டும் போடு, இல்லாட்டி பல்பு மட்டும் போடு. சேத்துப் போடாதே.
செடிக்கு தண்ணி ஊத்தறப்ப சுச்ச நிப்பாட்டு. சாக்கு ஹீட்டருக்குப் பக்கத்துல வேணாம்.
பியூஸ் போனா அதே மெல்லிசு கம்பிதான் போடணும். "வேற எதயும் வச்சிறாத ஐயா. பியூஸ் போறது ஒங்கள காப்பாத்தத்தான்."

தேத்தண்ணி குடுத்தோம். காசு வாங்கல. கம்பி வாங்கி வைங்க, வந்து இழுத்துத் தாறேன்னாரு.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நாங்க வேதக்காரங்கன்னாலும் காளியப்பன் வீட்டுப் பொங்கல் எனக்கு வந்துரும். காளியப்பன் ரிட்டயரான கங்காணி, மேல் லயத்துல வீடு. என் சோட்டு. அம்பது வருசமா ஏசிக்கிறோம்.

"என்னா மச்சான், மக வீட்டுல பூவுக்கு வெந்நி வச்சிக் குளிப்பாட்டுறீங்களாமே?"
"ஆமா. நாலு பல்பு பத்தல. ஒன் மொட்டத் தலைய ஒரு வாரத்துக்குக் குடேன், தட்டுக்கு மேல தொங்க விடுறேன்."
அவன் பொஞ்சாதி சிரிச்சி பொங்கல கொட்டிட்டா.

திரும்ப எறங்கி வாறப்ப சிரிப்பு நின்னு போச்சு. காளியப்பன் கேட்டான் பாருங்க, "அதுக பொழைக்கலன்னா பிலோ போயிருவாளா?"

அருளப்பனுக்கு இந்தியப் பிரசாவுரிமப் பத்திரம். எனக்கு இந்த நாட்டுப் பத்திரம். அந்தக் காலத்துல ஆளுக்கொரு பாரத்துல கைநாட்டு வச்சோம், எவன் யோசிச்சான். புருசன் எங்கயோ பிலோ அங்க. பங்களாத் தோட்டத்துல அவனுக்கு வேல போயிருச்சு. புது நிருவாகத்துக்குப் பூ வேணாமாம். நுவரெலியாவுல ஒரு ஓட்டல்காரரு சொல்லியிருக்காரு, ஏப்ரல் சீசனுக்கு, பிப்ரவரி முடியறதுக்குள்ள மொட்டோட நூறு செடி கொண்டா, ஒன்ன தோட்டக்காரனா எடுத்து கடுதாசி தாறேன்னு. அந்தக் கடுதாசி இருந்தா விசாவ நீட்டலாம். இல்லாட்டி மார்ச்சுக்குள்ள இந்தியாவுக்குக் கப்பல்.

அதனால நூறு செடி. 20 கூடுதலா வச்சிருக்கோம், சாகிறதுக்கு.

ஜனவரி 19, திங்கள்

மழ தூத்தல். பல்பு நாலு மணி நேரம், ஹீட்டரு நாலு மணி நேரம், மாத்தி மாத்தி. பிலோ தான் கணக்கு. செவுத்துல கரிக்கோடு போடுறா. ரேடியோ போட விடமாட்டேங்குறா. "ரேடியோ எம்மாத்திரம் திங்கிது?"ன்னேன். "ஒங்க கூட சேந்து ரெண்டு வாய் ஆகுதுல்ல"ங்குறா. எனக்குப் பொறந்தவ.

ஒரு செடியில சின்னதா மொட்டு. அரிசி அளவு. அருளப்பன் பாத்துட்டே நின்னான். முழங்கால் வலி. பல்லு ஒன்னு ஆடுது.

ஜனவரி 21, புதன்

கம்பி இல்ல. நுவரெலியாவுல அருளப்பன் ஏறி எறங்காத கட இல்ல. வெளிநாட்டுல இருந்து சாமான் வர்றதில்லையே இப்ப. ஒரு கட முதலாளி சொன்னானாம், "ஏழு இழையா? ஏழு வருசம் கழிச்சி வா."

வலப்பனையில ஒரு கடையில பழைய கம்பி உருளை ஒன்னு கெடக்காம். சனிக்கெழம போறான். அங்க அவன் சின்னம்மா வீட்டுல படுத்துட்டு ஞாயிறு வருவான்.

ஜனவரி 24, சனி

அருளப்பன் காலை பஸ்ல போனான். போறப்ப ரெண்டு தரம் சொன்னான், "மாமா, சேத்துப் போட்டுறாதீங்க." நான் என்னா பச்சப் புள்ளயா.

பொழுது எறங்குறப்ப வானம் தொடச்சி வச்ச மாதிரி. ஒரு மேகமில்ல, காத்தில்ல. நாளைக்கு பனி கொட்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

முடியல.

ஜனவரி 26, திங்கள்

எழுதிடுறேன். யாரும் பாக்கப் போறதில்ல.

நேத்து விடியக்காலை ஆறு மணி. வாளித் தண்ணியில ஆடை மாதிரி ஐஸ். சன்னலோரத் தட்டுல செடி எல எல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிப் போச்சு. பிலோ பூசைக்குப் போயிட்டா, "அப்பா, ஒத்தக் கம்பி மட்டும்"ன்னுட்டு. ஒத்தக் கம்பி பத்தல. கைய வச்சா அந்த ரூமுல சூடே தெரியல. ரெண்டு கம்பியையும் போட்டேன். பல்பையும் போட்டேன். டப்புன்னு போச்சு. இருட்டு.

மெல்லிசு கம்பி தேடுனேன். முடிஞ்சி போச்சு, மிச்சமில்ல. எல ஒன்னொன்னா தொங்குது.

பரண்ல தேயிலப் பொட்டி கெடந்திச்சு, பழசு. உள்ள ஈயத்தாள். எஞ்சின் ரூமுல நாங்க அதத்தான் சுருட்டி பியூஸ்ல வைப்போம். முப்பது வருசம் வச்சேன், ஒன்னும் ஆகல. அங்க கம்பி கட்டவெரல் மொத்தம்ங்குறது நெனப்பு வரல.

வச்சேன். எல்லாம் எரிஞ்சிச்சு. எம்புட்டு அழகு. சின்னதொர செவந்து போயி ரூமு வெதுவெதுன்னு ஆச்சு. பாஸ் என்னா பெரிய படிப்பு படிச்சவனான்னு கூட நெனச்சேன். இத காளியப்பன்கிட்ட சொல்லி பீத்திக்கிறதுக்காக மேல் லயத்துக்கு ஏறிப் போனேன். அதுக்குத்தான் போனேன். வேற ஒரு வேலையும் இல்ல எனக்கு அங்க.

வெத்தல வாங்கிப் போட்டு, அவன கேலி பண்ணிட்டு இருக்கேன். அவன் எனக்குப் பின்னால பாத்துட்டு, "மச்சான், ஒங்க வீட்டுக் கூரையில பொகை"ங்குறான். நான் சிரிச்சேன். அவன் வெளையாடுறான்னு.

ஓடுனோம். மரப்பட்டி நீளத்துக்கு நெருப்பு, பாம்பு போற மாதிரி. சாக்குல புடிச்சி பலகைக்கு எறங்கிருச்சு. வாளியத் தூக்குனேன். காளியப்பன் எட்டி ஒரே ஒத.

"யோவ் கெழட்டுப் பயலே! கரண்டு ஓடுறப்ப தண்ணி ஊத்துறியா! செத்துப் போவடா!"

அவன் காஞ்ச மம்பட்டிப் புடியால மெயினத் தட்டி விட்டான். அப்புறந்தான் தண்ணி. லயத்து ஆளுங்க எல்லாம் வாளியோட. கூர தப்பிச்சிருச்சு. பக்கத்து வீடு தப்பிச்சிருச்சு. யாருக்கும் ஒன்னுமில்ல. ஆண்டவருக்குத் தோத்திரம்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் சொன்னேன்.

பிலோ முக்காட்டோட வந்து வாசல்ல நின்னா. செடி பூரா வெந்த கீர மாதிரி. எண்ணுனா, பொழச்சத. ஒம்பது.

மத்தியானம் அருளப்பன் பஸ்ல இருந்து எறங்குறான். தோள்ல கம்பி வளையம். கெடச்சிருச்சு மாமான்னு தூரத்துல இருந்தே கத்துறான்.

ஜனவரி 28, புதன்

வெயில். பாஸ் வந்து பாத்தாரு. பியூஸ் கட்டைய கழட்டி ஈயத்தாள எடுத்தாரு, கருகிப் போன துண்டு. என்னப் பாத்தாரு. பைக்குள்ள போட்டுக்கிட்டு அருளப்பன்கிட்ட, "பழைய கம்பி தம்பி, பழைய கம்பி"ன்னுட்டாரு.

அருளப்பன் தன்னத்தான் திட்டிக்கிறான். வெள்ளிக்கெழமையே போயிருக்கணும்னு. நான் பக்கத்துல உக்காந்து பீடி குடிக்கிறேன். வாய் தெறக்கல. ஊரையே வாயால வித்தவன்.

பிப்ரவரி 2, திங்கள்

ஒம்பது செடியையும் கொண்டுக்கிட்டு ஓட்டலுக்குப் போயிட்டு வந்தான். அந்தாளு தங்கமான மனுசன்தானாம், ஆனா ஒம்பத வச்சி என்னா பண்றதுன்னு கேட்டாராம். செடிய அங்கயே குடுத்துட்டு வந்துட்டான்.

காளியப்பன் வந்து கூப்பிட்டான், சீட்டுக் கடுதாசி வெளயாட. தலைவலின்னேன். ஏசக்கூட இல்ல அவன். எந்திரிச்சிப் போயிட்டான்.

பிப்ரவரி 5, வியாழன்

முந்தாநாளு சொல்லிட்டேன். தண்ணி பீலிகிட்ட அருளப்பன் மொகம் கழுவிட்டு இருந்தான். "மாப்புள, ஈயத்தாள் வச்சது நான்."

தொவாலையால மொகத்த தொடச்சான். ரொம்ப நேரம் தொடச்சான்.

"விடுங்க மாமா. அந்த ஓட்டல்காரரு முன்னாடியே வேற ஆள எடுத்துட்டாராம். செடி இருந்தாலும் இதே கததான்."

பொய். எனக்குத் தெரியாதா பொய்யி. நான் சொன்ன பொய்ய எல்லாம் அடுக்குனா இந்த மலைக்கு ஒசரம் வரும். இவனுக்கு சொல்லவே தெரியல, காது செவந்து போச்சு. ரெண்டு அடி அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பிலோகிட்ட அவன் சொல்லல. நானும் சொல்லல. ஆனா நேத்துல இருந்து என் தட்டுல கருவாடு பெரிய துண்டா வைக்கிறா. அவளுக்குத் தெரியும்.

பிப்ரவரி 11, புதன்

காத்து. முன்னறைக்கு சுண்ணாம்பு அடிச்சோம். கருப்பு திரும்பத் திரும்ப வருது. பிலோ கட்டில பழைய எடத்துல போட்டா. "நீங்க இனி இங்கயே படுங்கப்பா"ங்குறா. அவங்க போனப்புறம் இந்த வீடு யாருக்குன்னு தோட்டத்துல இன்னும் சொல்லல. காளியப்பன் சொல்றான், "என் வீட்டுத் தாவாரத்துல ஒரு மூல இருக்கு, நாய்க்குன்னு வச்சிருந்தேன்." இப்பத்தான் மறுபடி ஏச ஆரம்பிச்சிருக்கான். புண்ணியவான்.

பிப்ரவரி 20, வெள்ளி

கண்டிக்குப் போனோம் மூணு பேரும். இந்தியா போற பாரத்துல ஒப்பம் போட. நீள வரிசை. எல்லாரும் நல்ல சட்ட போட்டு, கலியாணத்துக்கு வந்த மாதிரி.

கிளாக்கரு சின்ன ஆளு. குனிஞ்சபடி கேட்டாரு, "கூடப் போறவங்க?"
"சம்சாரம் மட்டும்"ன்னான் அருளப்பன்.
என்ன நிமிந்து பாத்தாரு. "ஐயா?"
"நான் சும்மா பராக்கு பாக்க வந்தேன் தொர"ன்னேன்.
யாரும் சிரிக்கல. கிளாக்கரு ஏதோ எழுதி அடுத்த ஆளக் கூப்பிட்டாரு.

மார்ச்சு மூணாந்தேதி ரயிலு, அங்கிருந்து கப்பல்.

திரும்ப வாறப்ப பஸ்ல பிலோ என் தோள்ல சாஞ்சி தூங்கிட்டா. சின்னதுல தூங்குன மாதிரியே வாயத் தொறந்துக்கிட்டு. இறம்பொட வந்திச்சு. ரெண்டு பக்கமும் அருவி, நல்ல தண்ணி. பாரும்மான்னு எழுப்பக் கைய எடுத்தேன்.

எழுப்பல.